ஒஃபேலியாவின் அரை கிரெடிட்

பியெத்ரா வெர்தே உயர்நிலைப் பள்ளிக்கு மேட்டு நிலத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் மஞ்சள் பஸ்ஸை ஒஃபேலியா லுசேரோ இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதே பள்ளியில்தான் அவளும் படித்தாள். ஆனால் படிப்பை முடித்ததாக அவளிடம் ஒரு காகிதமும் கிடையாது.

மக்குப் பிள்ளை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆங்கிலம், சரித்திரம், அல்ஜீப்ரா எல்லாவற்றிலும் ஏ அல்லது பி. வேதியியலில் மட்டும் ஒரு சி. அவளுக்குப் பிடிக்காதது உடற்பயிற்சி வகுப்பு ஒன்றுதான். ஒரு வருஷப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், அரை வருஷப் பாடத்துக்கு அரை கிரெடிட் என்பது பள்ளிக் கணக்கு. உடற்பயிற்சியில் முதல் அரையை ஒன்பதாம் வகுப்பில் எப்படியோ முடித்துவிட்டாள். மீதி அரையை அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பையன்கள் பார்க்க அரைக் கால்சட்டை போட்டு ஓடுவது அவளுக்குக் கூச்சம். தள்ள இடமில்லாமல் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி அரை வருஷத்தில் பெயர் கொடுத்தபோது, வயிற்றில் யோலாண்டா இருந்தாள்.

எலோயும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதாக முன்பே பேசி வைத்திருந்தார்கள். அதனால் வீட்டில் இரண்டு நாள் அழுகையோடு விஷயம் முடிந்தது. பள்ளியில்தான் சிக்கல். வயிற்றுப் பிள்ளைக்காரியை ஓட விடமாட்டேன் என்று அப்போதிருந்த ஆசிரியை சொல்லிவிட்டார். "கோடை லீவுல வந்து முடிச்சுக்கோம்மா, அரை கிரெடிட்தானே" என்றார். கோடை வந்தது, யோலாண்டாவும் வந்தாள். பிறகு எலோயின் அப்பா விட்டுப்போன குதிரைமசால் தீவன வயல், அதற்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை, இரண்டாவதாக ஒரு பையன், பஸ் வேலை. அந்த அரை கிரெடிட் அப்படியே கிடந்தது.

அவளும் அதை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. பஸ் நிறுத்துமிடத்து அலுவலகத்தில் எந்த பஸ் எந்தப் பாதையில் போவதென்று வகுத்துக் கொடுக்கும் டஃபோயா, அடுத்த மார்ச்சோடு ஓய்வு பெறப்போவதாகச் சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. மேட்டு நிலத்து மண் சாலையில் பஸ் ஓட்டி ஓட்டி ஒஃபேலியாவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து பார்க்கும் அந்த வேலைக்கு அவளைவிட்டால் ஆளில்லை என்று எல்லா டிரைவர்களும் சொன்னார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

"அதுக்கென்ன, பாதியில நின்னவங்களுக்குன்னு ஒரு பரீட்சை இருக்குல்ல, அதை எழுதிடு" என்றார் டஃபோயா. "ஒரு சனிக்கிழமை வேலை."

"எல்லாப் பரீட்சையும்தான் ஒரு தடவை எழுதிப் பாஸ் பண்ணிட்டேனே. திரும்ப எதுக்கு எழுதணும்? நான் ஓடாததுதான் பாக்கி."

"அப்போ ஓடு" என்றார் அவர், காபியைக் குடித்துக்கொண்டே. விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளியின் கவுன்சிலர் ரெனேட்டா கெஸ்லர் வெளியூர்க்காரி, வந்து மூன்று நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் எந்தப் பாடம் எடுப்பது, யாருக்கு எத்தனை கிரெடிட் குறைகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒஃபேலியா போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. பழைய மதிப்பெண் பட்டியலை வரவழைத்து மேசைமேல் விரித்தாள்.

"ஒரு அரை கிரெடிட்தான் குறையுது. நீங்க சொன்னது சரி" என்றாள். பிறகு கீழ்வரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "உங்க சராசரி மூணரைக்கு மேல இருக்குங்க."

"அது நல்லதா?"

"நல்லதாவா? மூணரை இருந்தா பட்டமளிப்பு அன்னைக்குக் கழுத்துல தங்க நிறத்துல ஒரு மரியாதைக் கயிறு போடுவோம். வருஷத்துக்கு அஞ்சாறு பேருக்குத்தான் கிடைக்கும்."

ஒஃபேலியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலுவலக வேலைக்காக வந்தவள், அந்த நிமிஷத்தில் கயிற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவர்கள் பகல் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார வழக்கமில்லை. ரெனேட்டா பள்ளிக் குழுவுக்கு எழுதிக் கேட்டாள். தினமும் பிள்ளைகளோடு இருக்கிறவள்தானே, பின்னணி விசாரணை எல்லாம் ஏற்கெனவே முடிந்ததுதானே என்று அவர்கள் சம்மதித்தார்கள். ஜனவரியில் தொடங்கும் அரை வருஷத்தில், காலை முதல் பீரியட். மே வரை தன் நாற்காலியை அவளுக்காக வைத்திருக்கச் சொல்வதாக டஃபோயாவும் சொன்னார்.

அன்று மாலை சமையலறை மேசையில் எலோய்க்குக் கணக்குப் பாடம் நடந்தது. எலோய் பள்ளியில் எந்தக் கிரேடு வாங்கினோம் என்று திரும்பிப் பார்க்காமலே வெளியே வந்தவன். பச்சை மிளகாய்க் குழம்பில் டார்ட்டியா ரொட்டியைத் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ வாங்கினா நாலு, பி-க்கு மூணு, சி-க்கு ரெண்டு, டி-க்கு ஒண்ணு. அதை அந்தப் பாடத்தோட கிரெடிட்டால பெருக்கணும். எல்லாத்தையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால வகுத்தா அதுதான் சராசரி. புரியுதா?"

"நீ பாஸ் பண்ணினா போதும். டி வாங்கினாலும் பாஸ்தானே?"

"பள்ளிய முடிச்சேன்னு குடுக்கற டிப்ளமோவுக்குப் போதும், கயிறுக்குப் போதாது. பி வாங்கினா சரியா மூணரைல நிக்குது. ரெனேட்டா போட்டுக் காட்டினா. ஒரு புள்ளி கூட மிச்சமில்ல. சி வாங்கினா கீழ இறங்கிடும்."

எலோய் மென்று விழுங்கினான். "அரை கிரெடிட் போய் அத்தனை வருஷத்தையும் கீழ இழுத்துடுமா?"

"இழுத்துடும்."

"அப்போ ஏ வாங்கு."

"என் இடுப்பப் பாத்துட்டுப் பேசு."

உடற்பயிற்சி ஆசிரியன் யார் என்று அவளுக்கு முன்பே தெரியும். டாரியோ பாக்கா. ஒன்பதாம் வகுப்பில் அவள் பஸ்ஸில் வந்தவன். பால் டப்பாவைக் கடைசி இருக்கையிலிருந்து முன்கண்ணாடி வரை எறிந்ததற்காக, ஒரு மாதம் முழுக்க அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார வைத்திருந்தாள். அவன் அழுதான், அவன் அம்மா வந்து பேசினாள், ஒஃபேலியா ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. இப்போது அவன் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"மிஸ், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்" என்றான். "எல்லாருக்கும் என்ன கணக்கோ அதேதான் உங்களுக்கும். தினமும் விளையாட்டு உடுப்புல வரணும், சொன்னதைச் செய்யணும். அதுக்குப் பாதி மார்க். ஓட்டத்துல இப்ப எவ்வளவு நேரம் எடுக்கறீங்களோ அதைவிட வருஷக் கடைசில எவ்வளவு குறைக்கறீங்கன்னு பாப்பேன். அதுக்குக் கால்வாசி. மீதி எழுத்துப் பரீட்சை."

"நான் உன்கிட்ட சலுகை கேட்டேனா?"

"கேக்கல. கேட்டா குடுத்துடுவேனோன்னு எனக்குத்தான் பயம்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "கடைசி வரிசைல மட்டும் நிக்காதீங்க மிஸ். முன்னால வாங்க, என் கண்ணுல படற மாதிரி."

"ஓ, மறக்கலையா நீ?"

"ஒரு மாசம் மிஸ். எப்படி மறப்பேன்?"

முதல் நாள் ஓட்டத்தில் அவள் ஓடவே இல்லை. மைதானத்தைச் சுற்றி ஒரு மைல் நடந்தாள். பிள்ளைகள் முடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு கூடவே வந்தது டெல்ஃபினா என்ற பதினான்கு வயதுப் பெண் ஒன்றுதான். துணைக்காக வரவில்லை, அந்தப் பெண்ணுக்கும் ஓடப் பிடிக்காது. மேட்டு நிலத்தின் கோடியிலுள்ள நிறுத்தத்தில் ஏறுகிறவள்.

"மிஸ், நீங்க எதுக்கு இதெல்லாம் பண்றீங்க? உங்களுக்குத்தான் வேலை இருக்கே."

"நீ எதுக்குப் பண்றே?"

"பண்ணலன்னா அம்மா போனைப் புடுங்கிடுவாங்க."

"என் போனை யாரும் புடுங்க முடியாது. அதான் இத்தனை வருஷம் ஆச்சு."

டெல்ஃபினாவுக்கு அது பிடித்துப்போனது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே பின்தங்கினார்கள். ஒஃபேலியா காலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கழிவறையில் உடுப்பு மாற்றி, முட்டிக்குக் கீழே வரும் கறுப்புக் கால்சட்டையில் வந்து நிற்பாள். முதல் வாரம் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வையை அவள் திருப்பிக் கொடுத்ததும் சிரிப்பு நின்றது. வாலிபால் ஆடும்போது பந்து அவளிடம் வந்தால் அவள் தட்டுவது நேராகப் போகும், ஏனென்றால் சின்ன வயதில் அண்ணன்களோடு கொல்லைப்புறத்தில் ஆடியவள். மூன்றாவது வாரம் அணி பிரிக்கும்போது ஒரு பையன் "மிஸ் எங்க பக்கம்" என்று சொன்னான். அதை அன்று மாலை எலோயிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பிப்ரவரி முடிவில் டஃபோயா அவளைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மேல ஆபீஸ்ல காத்திருக்க மாட்டோம்னுட்டாங்க. மார்ச்சுக்குள்ள ஆள் வேணுமாம். பக்கத்து மாவட்டத்துலருந்து ஒருத்தன் வரான். சின்னப் பையன், நல்லவன்தான். மே வரைக்கும் பொறுங்கன்னு எவ்வளவோ சொன்னேன், ஒஃபேலியா. நீ அந்தப் பரீட்சைய எழுதியிருந்தா இன்னைக்கு இந்த நாற்காலி உன்னோடது."

அவள் சாவியைக் கொக்கியில் மாட்டினாள். "தெரியும்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் காலணியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். எலோய் வயலிலிருந்து வந்து செய்தியைக் கேட்டுவிட்டு, கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அப்போ நாளைலருந்து ஓட வேண்டியதில்ல" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். "இடுப்புக்கும் நல்லது."

அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. எழுந்து மூடியைத் திறந்து கிளறினாள்.

"இடுப்பு இப்ப வலிக்கிறதில்ல எலோய்" என்றாள் கடைசியில். "ரெண்டு வாரமாவே வலிக்கல. உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

"நெசமாவா?"

"நெசமா. அப்புறம், நாளைக்கு எங்க அணிக்கும் அந்தச் செம்பட்டைத் தலைப் பையன் அணிக்கும் ஆட்டம் இருக்கு. நான் போகலைன்னா டெல்ஃபினா தனியா மாட்டிக்குவா."

எலோய் தட்டுகளை எடுத்து வைத்தான். "சரி, தோத்துட்டு வந்து என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் இரவு முழுக்க நன்றாகத் தூங்கினாள்.

மார்ச்சில் பனி உருகி மேட்டு நிலத்துச் சாலை சேறானது, ஏப்ரலில் காய்ந்தது. மைதானத்தைச் சுற்றி அவள் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போக ஆரம்பித்திருந்தாள். டெல்ஃபினா அவளை முந்த ஆரம்பித்தாள், பிறகு நின்று காத்திருக்க ஆரம்பித்தாள், பிறகு ஒஃபேலியா திட்டியதால் காத்திருப்பதை நிறுத்தினாள். கடைசி ஓட்டப் பரீட்சைக்கு மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள். அன்றைக்கு வராதவர்களுக்குப் பூஜ்யம் என்று டாரியோ எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் மாலை பெய்த மழையில் ஓடைக்கு மேலிருந்த சாலை அரித்துப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை முக்கால்வாசிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒஃபேலியா, பள்ளத்தைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தினாள். இறங்கிப் போய்க் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். நடந்து போகிறவனைத் தாங்கும், பஸ்ஸைத் தாங்காது. ரேடியோவில் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். சாலைத் துறையின் வண்டி வந்து கல் கொட்டும்வரை நிற்கச் சொன்னார்கள்.

"மிஸ், இன்னைக்கு ஓட்டம்" என்றாள் டெல்ஃபினா, முதல் இருக்கையிலிருந்து.

"தெரியும்."

"ஓரமா போனா போயிடலாம் மிஸ். எங்க அப்பா வண்டி போகும்."

"உங்க அப்பா வண்டில இத்தனை பிள்ளைங்க இல்ல. உக்காரு."

மணி ஓடியது. முதல் பீரியட் போனது. சாலை வண்டி வந்து, கல் கொட்டி, சமப்படுத்தி, அவர்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பீரியட்டும் பாதி தாண்டியிருந்தது. பஸ் தாமதமானால் பிள்ளைகள் மேல் குற்றமில்லை என்று டிரைவர் கையெழுத்திட்டு ஒரு சீட்டுக் கொடுப்பது அந்தப் பள்ளி வழக்கம். ஒஃபேலியா ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தாள். எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜிம்முக்குப் போய் டாரியோவிடம் அதை நீட்டினாள். அவன் படித்தான். மாணவர் பெயர்: ஒஃபேலியா லுசேரோ. டிரைவர் கையொப்பம்: ஒஃபேலியா லுசேரோ.

அவன் இன்னொரு தடவை படித்தான். "மிஸ், இந்த டிரைவரை நம்பலாமா?"

"கொஞ்சம் கண்டிப்பானவ. பொய் சொல்ல மாட்டா."

"அது எனக்கும் தெரியும்" என்றான் டாரியோ. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "தாமத பஸ்ல வந்தவங்க எல்லாரும் மதியச் சாப்பாட்டு நேரத்துல ஓடலாம். விதி விதிதான்."

மதியம் வெயில் நன்றாக ஏறியிருந்தது. தாமத பஸ்ஸில் வந்தவர்கள் ஐந்து பேர் கோட்டில் நின்றார்கள். விசில் ஊதியதும் ஒஃபேலியா தன் போக்கில் கிளம்பினாள். முதல் சுற்றில் மூச்சு சீராக இருந்தது. இரண்டாவதில் விலாவில் குத்தியது. மூன்றாவதில் நடக்கலாமா என்று நினைத்தாள், நடக்கவில்லை. மதிய உணவுக்கு வெளியே வந்த பிள்ளைகள் வேலியோரம் தட்டோடு நின்று பார்த்தார்கள். யாரோ "பஸ் வருது, வழி விடுங்க" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்து மூச்சு வாங்கியது. கடைசிச் சுற்றை அவள் முடித்தபோது டெல்ஃபினா புல்லில் மல்லாந்து கிடந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். டாரியோ கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எவ்வளவு?"

"முன்னைக்கு நல்லாவே குறைச்சிருக்கீங்க. ஆனா நான் வச்ச அளவுக்குக் குறையல மிஸ். ஓட்டத்துல சி."

அவள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "எழுத்துல என்ன வாங்கினா பி வரும்?"

"தினசரி மார்க்குலயும் உங்களுக்கு பிதான், ஓடச் சொன்னப்பல்லாம் நடந்தீங்களே. அதனால தொண்ணூறுக்கு மேல வாங்கணும்."

தொண்ணூற்றுக்கு மேல் வாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அது மட்டும் மறந்துபோகவில்லை. அந்த வார இறுதியில் சமையலறை மேசையில் பாடத்தாளை விரித்து, தொடைத் தசையின் பெயர், இதயத் துடிப்பை எண்ணுவது, வாலிபாலில் எது தவறு என்று உரக்கப் படித்தாள். எலோய் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டான். அவள் சொன்ன பதில் சரியா என்று தாளில் தேடுவதற்கு அவனுக்குத்தான் நேரமானது. திங்கட்கிழமை பரீட்சையை அவள் முதலில் முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை ஜன்னல் வழியாகத் தன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தவறு. வகுப்பிலேயே அவள் வாங்கியதுதான் அதிக மதிப்பெண். ரெனேட்டா அவளைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். உடற்பயிற்சி: பி. கீழே சராசரி: மூன்று புள்ளி ஐந்து பூஜ்யம்.

"ஒரு முடி அளவுகூட மிச்சமில்ல" என்றாள் ரெனேட்டா.

"மிச்சம் எதுக்கு?" என்றாள் ஒஃபேலியா.

பட்டமளிப்பு சனிக்கிழமை காலை கால்பந்து மைதானத்தில் நடந்தது. அல்புகர்க்கியிலிருந்து யோலாண்டா முந்தின நாளே வந்திருந்தாள். கண்ணாடி முன்னால் அம்மாவின் நீல அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"அம்மா, என்னாலதான் இது இத்தனை வருஷம் தள்ளிப் போச்சுன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்லையே நீ."

"உன்னாலன்னு யார் சொன்னா? ஒன்பதாவதுலயே ஓடி முடிச்சிருக்கணும். சோம்பேறித்தனம்." ஒஃபேலியா தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "உன்னை வச்சுக்கிட்டும் ஓடியிருப்பேன். அந்த டீச்சர் விடல."

"ஓடியிருப்பியா?"

"நடந்திருப்பேன்."

யோலாண்டா சிரித்துக்கொண்டே அவள் கழுத்தில் தங்கக் கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது வேறு எதற்கோ என்பது போல.

பெயர் வரிசையில் லுசேரோவின் எல் எழுத்து வந்தபோது, மேட்டு நிலத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பஸ் ஹாரன் போல ஒரு சத்தம் எழுந்தது. கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஒஃபேலியா மேடையேறி, கை குலுக்கி, டிப்ளமோவை வாங்கினாள். இறங்கும்போது படியில் அங்கியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வேகமாக இறங்கினாள். எலோய் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கை தட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் வீட்டில் மாட்டிறைச்சியும் சிவப்பு மிளகாய்க் குழம்பும். டஃபோயா வந்தார், டாரியோ தன் மனைவியோடு வந்தான். டஃபோயாவின் நாற்காலிக்குப் புதிதாக வந்த அந்த இளைஞனும் கூச்சத்தோடு, பழம் வைத்துச் சுட்ட ஒரு பை பலகாரம் கொண்டுவந்தான். திங்கட்கிழமை முதல் ஓடைச் சாலையைத் தவிர்த்து வேறு வழியில் பஸ்ஸை விடலாமா என்று அவன் கேட்டான். ஒஃபேலியா அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், மேட்டு நிலத்தைக் கையால் காட்டி, எங்கே திரும்பினால் எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த இளைஞன் வேறு ஊருக்குப் போனபோது, நாற்காலி மறுபடி காலியானது. இந்தத் தடவை அவளைத் தேடி வந்து கேட்டார்கள். அவள் ஒரு வாரம் யோசித்தாள். இடுப்பில் வலி இல்லை, டெல்ஃபினாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது, அலுவலகத்தில் ஜன்னல் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் வழக்கம்போல எஞ்சினைச் சூடாக்கப் போனாள்.